செயப்படுபொருள் இல்லாத ஒரு வசனம்

1

2006 ஒக்டோபர் 20, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதேகால் மணிக்கு என் கட்டுரையைப் பல்கலைக்கழகத்தின் பாடத் தளத்தில் ஏற்றத் தொடங்கினேன். நண்பகல் பன்னிரண்டுக்குத் தளம் மூடிவிடும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமலிருந்தவை வேறு.

இங்கிலாந்தின் வடக்கே, வெயிலைக் கண்டால் அயலவர் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொள்ளும் ஒரு நகரத்தில், சின்னம்மாவின் வீட்டு மேல்மாடி அறையில் இருந்து இதை எழுதுகிறேன். ஊரில் எல்லோருக்கும் நான் இருக்கும் இடம் இலண்டன். அதைத் திருத்துவதை விட்டுவிட்டேன். மற்ற எதையும் திருத்தாமல் விடும் பழக்கம் எனக்கு இல்லை. நான் இலக்கியம் படிக்க வந்தவள்.

இந்த வாரம் அதே தளத்தில் என் கடைசிக் கட்டுரையைச் சேர்த்தேன். வீட்டுக்கு இப்போது வேகமான இணைப்பு வந்துவிட்டது. தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அந்தச் சுலபம் எனக்கு மகிழ்ச்சியைத் தரவில்லை, எரிச்சலையே தந்தது. இவ்வளவுதான் விஷயம் என்றால் அன்று ஏன் அப்படி நடந்தது என்று அந்தத் திரையைப் பார்த்துக் கேட்க வேண்டும் போலிருந்தது. திரை பதில் சொல்லாது. ஆகவே எழுதுகிறேன்.

பெயர்களை மாற்றியிருக்கிறேன். இதில் வரும் எவருக்கும் இந்த எழுத்தால் கெடுதல் வராது என்று கேட்டறிந்த பிறகே தொடங்கினேன். ஒரு கரையைப் பற்றிச் சொல்வேன். அது எந்தக் கரை என்று சொல்ல மாட்டேன்.

2

அக்காலத்தில் சின்னம்மா வீட்டில் சுவரிலிருந்து ஒரேயொரு தொலைபேசி வயர்தான் வந்தது. அதைத் தொலைபேசியில் செருகினால் ஊருடன் கதைக்கலாம். கழற்றிக் கணினியில் செருகினால், மோடம் சிறிது நேரம் கரகரத்துக் கீச்சிட்ட பிறகு இணையத்துக்குள் நுழையலாம். இரண்டையும் ஒருங்கே செய்ய முடியாது. பல்கலைக்கழக நூலகத்துக்குப் போயிருந்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சின்னம்மாவின் மகள் அனிற்றாவுக்கு அன்று காய்ச்சல். சின்னம்மா விடியற்காலை வேலைக்குப் போய்விட்டார். பத்து வயதுப் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு நான் எங்கும் போக முடியாது.

கட்டுரை, நெய்தல் பாடல்களில் கரையில் காத்திருக்கும் பெண்களைப் பற்றியது. தமிழ் எழுத்துகள் ஆசிரியரின் கணினியில் வெறும் கட்டங்களாகத் தெரியும் என்று முன்னொரு முறை அனுபவப்பட்டிருந்தேன். ஆகவே பாடல்களைக் கையால் எழுதி, ஸ்கான் செய்து, படங்களாகச் சேர்த்திருந்தேன். அதனால் கோப்பு மிகப் பெருத்துவிட்டது. தளம் ஏற்றுக்கொள்ளும் எல்லைக்குச் சற்று உள்ளேதான் இருந்தது; எங்கள் வயருக்கு அது மலை. அது சேராவிட்டால் பாடம் தவறும். பாடம் தவறினால் விசா நீடிப்புக்குப் பல்கலைக்கழகம் கடிதம் தராது. இதை எனக்கு எவரும் கடுமையாகச் சொல்லவில்லை. இங்கே எதையும் கடுமையாகச் சொல்வதில்லை. புன்னகையோடு ஒரு கைநூலைத் தருவார்கள், அதில் எழுதியிருக்கும்.

தளத்துக்குள் நுழையும்போதெல்லாம் அது "வருக, சவிரிமுத்து" என்று ஆங்கிலத்தில் வரவேற்கும். சவிரிமுத்து என் அப்பா. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே நெருப்புக் காய்ச்சலில் இறந்துபோனவர். எங்கள் வழக்கப்படி அப்பாவின் பெயரை முன்னும் என் பெயரைப் பின்னும் எழுதிக் கொடுத்தேன். முன்னே நிற்பது ஆளின் பெயர், பின்னே நிற்பது குடும்பப் பெயர் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மாற்றித் தரும்படி இரண்டு முறை பல்கலைக்கழகக் கந்தோருக்குப் போனேன். பிறப்புச் சான்றிதழில் உள்ள வரிசைப்படிதான் பதிந்திருக்கிறோம் என்று காட்டினார்கள். அவர்கள் காட்டியது சரி. அதுதான் சினமூட்டியது.

அன்று முதல் முறை, நீலப் பட்டை முக்கி முக்கிக் கடைசி வரை போய் முடிந்தது. முடிந்த பிறகு தளம் சொன்னது: கோப்பின் பெயர் பிழை, குடும்பப் பெயரில் தொடங்க வேண்டும். நான் 'சவிரிமுத்து' என்று தொடங்கியிருந்தேன். இந்த நாட்டு முறைப்படி அதுதானே குடும்பப் பெயர்? தளத்தைப் பொறுத்தவரை அல்ல; அதற்கு நிர்மலாதான் குடும்பப் பெயர். இதைத் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கலாம். கோப்பு முழுவதையும் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பெயரைப் பார்த்தது.

சோபாவில் போர்வைக்குள் கிடந்த அனிற்றா கேட்டாள். "அக்கா, இன்னும் முடியேல்லையா?"

"இல்லை. திரும்ப ஏத்த வேணும்."

"ஏத்திறது எண்டா லொறியில போடுறது. அம்மா சொன்னவ."

"இதையும் அப்பிடிச் சொல்லலாம்."

"நோ அக்கா. அப்லோட். இப்பிடிச் சொன்னா ஒருத்தரும் உங்களை விளங்க மாட்டினம்."

"'நீங்கள் சொல்லுறது விளங்காது' எண்டு சொல்ல வேணும்," என்று திருத்தினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தமிழில் அவள் வாய் திறப்பதே குறைவு. திறக்கும்போதெல்லாம் நான் திருத்துவதால்தான் குறைகிறது என்று சின்னம்மா சொல்வதுண்டு.

அவள் சொன்னதை நான் பொருட்படுத்தவில்லை. 'ஏற்றுதல்' என்று நல்ல சொல் ஒன்று கையில் இருக்கும்போது 'அப்லோட் பண்ணுதல்' எதற்கு? நான் ஊரோடு கதைக்கும்போதும் அதைத்தான் சொல்வேன், பேச்சில் 'ஏத்திறது'. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது.

3

வெள்ளிக்கிழமைகளில் ஊர் நேரம் பின்னேரம் நான்கரைக்கு அம்மா மரியதாஸ் அண்ணையின் கடைக்கு வந்து என் அழைப்புக்குக் காத்திருப்பார். அண்ணையின் கடை மன்னாரில், தோட்டவெளியில், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். இரண்டு தொலைபேசி, ஒரு போட்டோக் கொப்பி மெசின், மழைக்கடதாசி போர்த்திய ஒரு கணினி. ஊரில் அதைக் 'கொமினிக்கேசன்' என்பார்கள். எங்கள் வீட்டில் தொலைபேசி இல்லை.

போர் மறுபடி மூண்டிருந்த அந்தச் சில வாரங்களாக அம்மா ஒவ்வொரு வெள்ளியும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். "தம்பியை என்ன செய்யிறது? நீ சொல்லு, பிள்ளை." தம்பி ஜூட்டுக்கு அப்போது பதினெட்டு வயது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய வகுப்புப் பையன்களில் ஒருவன் ரியூசனுக்குப் போய்த் திரும்பவில்லை. இன்னொருவனின் சைக்கிள் மட்டும் உயிலங்குளம் ரோட்டில் வயல் வரம்போடு சாய்ந்து நின்றது. அதன் பிறகு ஜூட் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்கு நாலும் தெரியும் என்று அம்மா நம்பினார். நான் ஒவ்வொரு முறையும் "கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். அது பதில் அல்ல என்று இருவருக்கும் தெரியும்.

அன்று ஊரில் நான்கரை ஆகும்போது இங்கே நண்பகல் பன்னிரண்டு. தளம் மூடும் நேரமும் அதுவே. வயரோ ஒன்று. ஆகவே முதல் முயற்சி வீணான இடைவெளியில் அதைத் தொலைபேசிக்கு மாற்றி, மரியதாஸ் அண்ணையின் கடைக்கு எடுத்தேன்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

"அண்ணை, நான் நிர்மலா. றீற்றா ரீச்சற்றை மகள்."

"ஓ, லண்டன் தங்கச்சியோ. சொல்லுங்கோ, சொல்லுங்கோ. அங்க குளிரோ?"

"ஓம் அண்ணை. அம்மாவிட்ட ஒண்டு சொல்ல வேணும். இண்டைக்குக் கதைக்க ஏலாது, கடைக்கு வர வேண்டாம். பன்னிரண்டு மணிக்குள்ள ஏத்தியாக வேணும். அதுக்குப் பிறகெண்டால் சரிவராது. ஏத்தின பிறகு எடுக்கிறன் எண்டு சொல்லுங்கோ."

வழக்கம்போல் தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அண்ணை, கேக்குதோ?"

"கேக்குது." குரல் தணிந்திருந்தது. "இண்டைக்கேயோ?"

"இண்டைக்குத்தான். கடைசி நாள்."

"விளங்குது. விளங்குது, தங்கச்சி. போனில இதுக்கு மேல வேண்டாம். நானே போய்ச் சொல்லுறன். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. மடு மாதா துணையிருப்பா."

ஒரு கட்டுரைக்கு மாதாவைத் துணைக்கு அழைப்பது சற்று அதிகம் என்று எனக்குப் பட்டது. ஆனாலும் நெகிழ்ந்தேன். இந்த நாட்டில் எதையும் மூன்று முறை விளக்க வேண்டியிருக்கிறது. நம் ஆட்களுக்குப் பாதி சொன்னாலே போதும் என்று நினைத்தபடி வயரைக் கணினிக்கு மாற்றினேன்.

4

இரண்டாம் முறை பாதி போவதற்குள் இணைப்பு அறுந்தது. அறுந்த இடத்திலிருந்து தொடரும் ஒழுக்கம் அந்தத் தளத்துக்கு இல்லை. முதலிலிருந்து வர வேண்டும். "உங்கள் நேரம் முடிந்துவிட்டது, மீண்டும் உள்நுழைக" என்றது. நுழைந்தேன். "வருக, சவிரிமுத்து." நுழைந்த பிறகு கோப்பைத் தெரிவு செய்யும் பொத்தான் வேலை செய்யவில்லை. கணினியை அணைத்து மறுபடி இயக்கினேன். அது எழும்பி வரும் வரை கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எதையாவது தூக்கி எறிந்துவிடுவேனோ என்ற பயம். நான் பொருட்களை எறியும் பழக்கம் உள்ளவள் அல்ல. வீட்டில் நான் குரலை உயர்த்தியதில்லை என்று அம்மா பெருமையாகச் சொல்வார். அன்று அந்தப் பெருமைக்குக் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது.

மூன்றாம் முறை பட்டை ஒழுங்காக நகர்ந்தது. முக்கால் பங்கைத் தாண்டியபோது கதவு திறந்தது. சின்னம்மா வேலை முடிந்து வந்துவிட்டார்.

சின்னம்மா அம்மாவின் தங்கை. அரிப்பு என்ற ஊரில் மணம் முடித்து, அங்கிருந்து இங்கே வந்தவர். வந்து பல வருடமாகிறது. ஒரு முதியோர் இல்லத்தில் விடியற்காலைத் துப்புரவு வேலை. முதலில் அனிற்றாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கோட்டைக் கழற்றத் தொடங்கினார்.

"சாப்பிட்டியே, பிள்ளை?"

"இல்லைச் சின்னம்மா. இன்னும் ஏத்தி முடியேல்லை."

அவருடைய ஒரு கை கோட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.

"ஆரை?"

"ஆரை எண்டு? கட்டுரையை."

"ஐயோ, அதையோ. எனக்கு நெஞ்சு திடுக்கெண்டுது. ஊரில இப்ப ஏத்திறது எண்டால்..."

அவர் வசனத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

5

இந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதற்கு முன் நான் அதைப் பற்றி யோசித்ததில்லை. யோசித்திருக்க வேண்டியவள்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் ஊரில் பலவற்றையும் ஏற்றினார்கள். ஐஸ் போட்ட மீன்பெட்டிகளை லொறியில் ஏற்றினார்கள். திருநாளுக்குக் கோயில் முற்றத்தில் கொடி ஏற்றினார்கள். சுரூபத்தைத் தேரில் ஏற்றும்போது தோள் கொடுப்பதற்குப் பெரியவர்கள் தள்ளுப்பட்டார்கள். கணக்கில் தவறிய பிள்ளையை அடுத்த வகுப்புக்கு ஏற்றும்படி தாய்மார் அதிபரிடம் மன்றாடினார்கள். கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றினார்கள். ஒவ்வொன்றிலும், எதை என்ற சொல் முன்னே நின்றது: கொடியை, சுரூபத்தை, பெட்டியை, திரியை.

நான் புறப்பட்ட பிறகு அந்தச் சொல் சுருங்கிப் போயிற்று. கடல் வழியாக ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோகும் வள்ளக்காரரை ஓட்டிகள் என்பார்கள். இருட்டில் கரைக்கு வரும் ஓட்டியின் வள்ளத்தில் பிள்ளைகளை ஏற்றிவிடுவார்கள். நல்ல ஓட்டி அக்கரை வரை போவான். மற்றவன் நடுவில் ஏதாவது ஒரு மணல் தீடையில் இறக்கிவிட்டு, விடிந்ததும் யாராவது வந்து கூட்டிப் போவார்கள் என்று சொல்லித் திரும்பிவிடுவான். இவற்றையெல்லாம் எவரும் விரித்துச் சொல்வதில்லை. "அவையள் ஏத்திப்போட்டினம்." "நாங்களும் ஏத்த வேணும்." அவ்வளவுதான். ஆரை, எங்கே, எப்போது எல்லாம் அந்த ஒரு வினைக்குள் ஒளிந்துகொண்டன. எதை என்று சொல்லாமல் விட்டால், ஆள் என்றே பொருள். தொலைபேசியில் எவர் ஒட்டுக் கேட்கிறாரோ என்று பயந்த ஊர், இலக்கணத்தில் ஓர் இடத்தை வெறுமையாக விட்டுப் பழகியிருந்தது.

இதில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அம்மா கேட்ட கேள்வியே அதுதான். ஆனால் அந்தக் காலையில் நான் ஊரில் இருக்கவில்லை. ஒரு நீலப் பட்டைக்குள் இருந்தேன். இங்கே இரண்டு வருடம் இருந்ததில் என் தமிழ் கெடவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது, ஊரில்தான் இருக்கவில்லை.

6

வயரைப் பிடுங்கினேன். பட்டை அப்படியே நின்றது.

கடைத் தொலைபேசி இரண்டு முறை எங்கேஜ். மூன்றாம் முறை அண்ணை எடுத்தார்.

"அண்ணை, அம்மாவிட்டச் சொன்னனீங்களோ?"

"சொன்னனான் தங்கச்சி. ஆளை விட்டுச் சொல்லேல்லை, நானே சைக்கிளில போய்ச் சொன்னனான். நீங்கள் சொன்னதெண்ட உடன அம்மா ஒரு கதையும் கதைக்கேல்லை. அம்மாவும் தம்பியும் அப்பவே வெளிக்கிட்டிட்டினம்."

"அண்ணை, அது தம்பியை இல்லை."

"அப்ப ஆரை?"

"கட்டுரையை."

"என்னது?"

"என்ரை படிப்புக் கட்டுரை. கொம்பியூட்டரில ஏத்திறது. யுனிவேசிற்றித் தளத்துக்கு."

மறுமுனையில் ஒரு பெருமூச்சுக் கேட்டது.

"அப்லோட்," என்றார்.

"ஓம்."

"அப்ப அப்லோட் எண்டு சொல்லக்கூடாதே, தங்கச்சி? நானும் கடையில ஒரு கொம்பியூட்டர் வைச்சிருக்கிறன்தானே. நீங்கள் லண்டனில இருந்துகொண்டு ஏத்திறது இறக்கிறது எண்டால் நான் என்னத்தைக் கண்டன்?"

"அண்ணை, மறியுங்கோ. எப்பிடியாவது."

"பன்னிரண்டு மணி எண்டதை இரவுப் பன்னிரண்டு எண்டு எடுத்துக்கொண்டு போயினம். வெளிச்சம் இருக்கேக்கையே கரைக்குக் கிட்டப் போய் நிப்பினம். ஆமிச் சென்ரி பூட்ட முந்தி நான் போக வேணும். கடையைப் பூட்டிறன். வையுங்கோ."

வைத்தேன். மணி பன்னிரண்டாக இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. விரும்பியிருந்தால் வயரை மாற்றி இன்னொரு முறை தொடங்கியிருக்கலாம். முடிந்திருக்காது, ஆனாலும் தொடங்கியிருக்கலாம். வயரில் கை வைக்க மனம் வரவில்லை. சின்னம்மா செபமாலையை எடுத்துக்கொண்டு தொலைபேசிக்கு அருகில் ஒரு கதிரையைப் போட்டு இருந்தார். அனிற்றா எழும்பி வந்து, "ஜூட் அண்ணா எங்க போறார்?" என்று கேட்டாள். அவள் அவனைப் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறாள். சின்னம்மா செபத்தை நிறுத்தாமல் அவளைப் பக்கத்தில் இழுத்து இருத்திக்கொண்டார். பிள்ளைக்கு அந்த மந்திரங்கள் தமிழில் முழுதாக வராது. ஒவ்வொன்றின் கடைசிச் சொல்லையும் மட்டும் சேர்ந்து சொன்னாள். நான் எதையும் திருத்தவில்லை.

பன்னிரண்டு அடித்தது. தளம் மூடியிருக்கும். அதை நான் பார்க்கவில்லை.

7

இங்கே பின்னேரம், அங்கே நன்றாக இருட்டிய பிறகு, தொலைபேசி மணி அடித்தது. அம்மா.

"பிள்ளை, கூட்டிக்கொண்டு வந்திட்டம்." மூச்சு வாங்கியது. "அண்ணை கடையைப் பாதி திறந்து விட்டிருக்கிறார். கனக்கக் கதைக்க ஏலாது."

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

"நீ ஒண்டும் சொல்லாத. நான்தான் கேட்டுக்கொண்டே இருந்தனான். பதில் வந்திட்டுது எண்டு நினைச்சன். இந்தா, இவன் கதைக்கப் போறானாம்."

ஜூட்டின் குரல் வந்தது. "அக்கா, என்னைப் பார்த்தால் கட்டுரை மாதிரிக் கிடக்குதோ?"

சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை என்பது பிறகுதான் விளங்கியது.

"ஏன் மறிச்சனீங்கள்?"

"நான் சொன்னது அதில்லையடா. அது..."

"அது விளங்குது. அண்ணை வழியெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தவர். நான் கேக்கிறது, ஏன் மறிச்சனீங்கள் எண்டு. வள்ளம் இருட்டின உடனயே வந்திட்டுது, நான் தண்ணிக்குள்ள இறங்கி நிண்டனான். முழங்காலுக்கு வந்திட்டுது. போட்டு வாறன் எண்டு அம்மாவிட்டச் சொல்லியும் ஆச்சு."

"உனக்குப் பயமாயிருக்கேல்லையோ?"

"வீட்டுக்குள்ள இருக்கேக்கைதான் பயம். நாய் குலைச்சால் பயம், றோட்டில வான் சத்தம் கேட்டால் பயம். அங்க நிக்கேக்கை, அக்கா சொல்லிப்போட்டா, இனி யோசிக்க ஒண்டுமில்லை எண்டு இருந்தது. இப்ப திரும்ப அந்த அறைக்குள்ளதான் போக வேணும்."

அவன் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டான்.

"கேட்டியே?" என்றார் அம்மா. "அந்தப் பொடியன் காணாமல் போன நாளிலயிருந்து இவன் ஒரு நேரமும் வடிவாச் சாப்பிடேல்லை. இண்டைக்கு வெளிக்கிடேக்கை ரெண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டான். ஓட்டியள் நாளைக்கும் போகினமாம். பிறகு வாடைக்காத்து பிடிச்சிடும், தை மாசி வரைக்கும் ஒருத்தரும் போகாயினம். எனக்கு இன்னொருக்காப் பிழையா விளங்கக் கூடாது. நீ வடிவா யோசி. காலமை எடுத்து, ஓம் எண்டால் ஓம், இல்லையெண்டால் இல்லை. பொறுங்கோ எண்டு மட்டும் சொல்லாத."

கடைக் கதவு இறங்கும் சத்தம் கேட்டது. தொடர்பு நின்றது.

அன்று முழுவதும் அந்தத் தளத்தின் மேல் நான் கொண்ட கோபத்துக்கு ஒரு காரணம் அப்போது தெரிந்தது. அது என்னிடம் தெளிவைக் கேட்டது. பெயர் எது, குடும்பப் பெயர் எது, நேரம் முடிந்தது, முதலிலிருந்து வா. பல வாரமாக அம்மா கேட்டதும் அதைத்தான். நான் அம்மாவுக்கு, பாதியில் நின்ற ஒரு நீலப் பட்டையைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

கடல் எனக்குத் தெரியும். தீடையில் விடப்பட்டவர்களின் கதையும் தெரியும். ஓம் என்று சொல்லி ஏதாவது நடந்தால், அந்தச் சொல் என்னுடையது. இல்லை என்று சொல்லி வீட்டு வாசலில் ஆட்களைக் கடத்தும் ஒரு வான் வந்து நின்றால், அதுவும் என்னுடையது. எதையும் சொல்லாமல் விட்டால் எவருடையதும் அல்ல என்று நினைத்திருந்தேன். அன்று காலை என் வாயிலிருந்து தவறி விழுந்த ஒரு வசனம் அந்த நினைப்பையும் இல்லாமற் செய்துவிட்டது.

8

சனிக்கிழமை காலை சின்னம்மா எழும்புமுன் மரியதாஸ் அண்ணையின் கடைக்கு எடுத்தேன்.

"இண்டைக்கு எதை, தங்கச்சி?" என்றார். பிறகு, பகிடி விட்டது பிழையோ என்று யோசித்தவர்போல, "அம்மா விடிஞ்சதிலயிருந்து இஞ்சதான் இருக்கிறா. குடுக்கிறன்," என்றார்.

"சொல்லு பிள்ளை," என்றார் அம்மா.

முந்திய நாள் முழுவதும் நான் சேர்க்கத் தவறியது ஒரு சொல்தான். தொலைபேசியில் அதைச் சொல்லக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அண்ணை பக்கத்தில் நின்று பதறியிருப்பார். ஆனாலும் அம்மாவுக்கு இன்னொரு முறை பிழையாக விளங்கக் கூடாது.

"அம்மா, தம்பியை ஏத்துங்கோ."

கடைக்கு வெளியே ஒரு கழுதை கத்தியது. மன்னாரில் மட்டும்தான் தொலைபேசிக்குள் கழுதை கத்தும்.

"ஓம்," என்றார் அம்மா. பிறகு, "உன்ரை கட்டுரை ஏத்தியாச்சோ?"

"இல்லை அம்மா. நேரம் முடிஞ்சுபோச்சு. பிந்தி ஏத்திறவைக்கு வேற பக்கம் திறப்பினம், ஆனால் புள்ளி குறைப்பினம்."

"குறைச்சால் குறைக்கட்டும். அதையும் ஏத்து, பிள்ளை."

ரிசீவரை வைத்தேன். வயரைக் கழற்றவில்லை, தொலைபேசியிலேயே விட்டேன். சின்னம்மாவை எழுப்பி, தம்பியைப் பற்றிச் செய்தி வரும் வரை எவரும் அதைத் தொட வேண்டாம், அனிற்றாவும் தொட வேண்டாம் என்று சொன்னேன். கட்டுரையை ஒரு சீடியில் பதிந்துகொண்டு, மழைக்குள் நடந்துபோய், நூலகம் திறக்கும் வரை அதன் வாசலில் நின்றேன்.